கிளாட் லாஜிக்கல் ரீசனிங்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

அம்பை_ப்ளஸ்டூ:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம், ப்ளஸ் டூ காமர்ஸ் படிக்கேன். டிசம்பர்ல சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதணும், திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம்தான் குறி. பக்கத்துல கோச்சிங் கிடையாது. கையில இருக்கிற ரீசனிங் புத்தகம் முழுக்க ரத்த உறவு, திசை, வட்ட மேசையில யார் பக்கத்துல யார்னுதான் இருக்கு. பழைய வினாத்தாளைத் திறந்தா நீளமான பத்தி, கீழ 'அசம்ப்ஷன்' எது, 'இன்ஃபரன்ஸ்' எது, 'வீக்கன்' பண்றது எதுன்னு கேள்வி. நாலு விடையில ரெண்டைத் தள்ளிடுதேன், மிச்ச ரெண்டுல மாட்டிக்கிடுதேன். எதை முதல்ல படிக்கணும்?

பாளை_வாதம்:
தங்கச்சி, அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு ஓரமா வை. 2020-லிருந்து கிளாட் முழுக்கப் பத்தி சார்ந்த தேர்வு. மொத்தம் 120 கேள்வி, 120 நிமிஷம், அதில் லாஜிக்கல் 22 முதல் 26 வரை. ஒரு பத்தி ஏறக்குறைய 450 சொல். இதில் முக்கியமாகச் சோதிக்கப்படுவது ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் திறமை.

வாதத்துக்கு மூன்று பாகம்: முடிவு, அதற்குச் சொன்ன காரணம், சொல்லாமல் விட்ட அனுமானம், அதாவது நீ கேட்ட 'அசம்ப்ஷன்'. முதலில் முடிவைக் கண்டுபிடி. 'தேர்ஃபோர்', 'ஹென்ஸ்' வந்தால் பின்னால் முடிவு இருக்கும். 'பிகாஸ்', 'சின்ஸ்' வந்தால் பின்னால் காரணம். 'ஹவ்எவர்', 'பட்' வந்த இடத்தில் நின்று படி. எழுதியவர் அடுத்தவர் கருத்தைச் சொல்லி முடித்து, தன் கருத்துக்குத் திரும்பும் இடம் பெரும்பாலும் அதுதான்.

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொள்:
"நம்மூர்க் குளத்தைத் தூர்வாரினார்கள். மறு வருஷம் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. ஆக, தூர்வாரியதுதான் காரணம். பக்கத்து ஊர்க் குளங்களையும் தூர்வார வேண்டும்."

கடைசி வாக்கியம்தான் மூல முடிவு. 'தூர்வாரியதுதான் காரணம்' என்பது இடைமுடிவு, அதாவது அதுவே ஒரு முடிவு, மூல முடிவுக்குக் காரணமாகவும் நிற்கிறது. தேர்வில் 'மெயின் கன்க்ளூஷன்' கேட்கும்போது இடைமுடிவை ஒரு விடையாகப் போட்டுவிடுவார்கள். இரண்டில் எது எதைத் தாங்குகிறது என்று பார். தாங்கப்படுவதுதான் மூல முடிவு.

இனி அனுமானம். விடையை எதிர்மறையாக்கிப் பார். "பக்கத்து ஊர்க் குளங்களிலும் வண்டல் படிந்திருக்கிறது" என்பது ஒரு விடை. "அங்கே வண்டலே இல்லை" என்று மாற்றினால் வாதம் சரிந்துவிடும், ஆகவே அது அனுமானம். "தூர்வார ஆகும் செலவு குறைவு" என்று இன்னொரு விடை. "செலவு அதிகம்" என்று மாற்றினாலும், அதிகச் செலவானாலும் செய்யத்தான் வேண்டும் என்று வாதம் நிற்கும். ஆகவே அது அனுமானம் இல்லை. நீ மாட்டிக்கொள்ளும் அந்த இரண்டு விடைகளைப் பெரும்பாலும் இந்தச் சோதனையே பிரித்துவிடும்.

வீக்கன், ஸ்ட்ரெங்தன் இரண்டும் அந்த அனுமானத்தின் மேல்தான் கை வைக்கும். "அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை இரண்டு மடங்கு பெய்தது": வேறு காரணம் நுழைந்துவிட்டது, வாதம் வலுவிழக்கும். "அதே மழை பெய்த, தூர்வாராத அடுத்த ஊரில் கிணறு ஏறவில்லை": வலுப்படும். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததை வைத்து முன்னது காரணம் என்று சொல்லும் பத்தி அடிக்கடி வரும். பார்த்தவுடன் மூன்று கேள்வி கேள்: வேறு காரணம் உண்டா, காரணமும் விளைவும் தலைகீழா, தற்செயலா?

இன்ஃபரன்ஸ் வேறு வகை. அனுமானம் வாதத்துக்கு அடியில் இருப்பது. இன்ஃபரன்ஸ் பத்தியிலிருந்து மேலே வருவது. பத்தி உண்மை என்றால் இது கட்டாயம் உண்மையா என்பதே கேள்வி. 'சில' என்று பத்தி சொன்னதை விடை 'எல்லாம்' என்று நீட்டினால் தள்ளு. நிஜத்தில் உண்மையாக இருந்தும் பத்தியில் ஆதாரம் இல்லாத விடையையும் தள்ளு. நன்றாகச் செய்தி வாசிக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள், வெளியில் தெரிந்ததைப் பத்திக்குள் கொண்டுவந்துவிடுவதால்.

தாமிரபரணிக்கரை:
அக்கா சொன்னதோடு நிபந்தனை வாக்கியத்தையும் சேர்த்துக்கோம்மா. சட்டப் பகுதிக்கும் இதுதான் அடிப்படை.

"பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால்தான் இந்த வயலில் கார் பருவ நெல் நடவு நடக்கும்." இது 'ஒன்லி இஃப்'. அம்புக்குறி போட்டு எழுது: நடவு → தண்ணீர். நடவைப் பார்த்தால் தண்ணீர் திறந்தது உறுதி. தண்ணீர் இல்லையென்றால் நடவு இல்லை, அதுவும் உறுதி. தண்ணீர் வந்துவிட்டதால் நடவு நடந்தது என்று சொல்ல முடியாது; நாற்றோ ஆளோ கிடைக்காமல் போகலாம். "திறந்தால் நடக்கும்" என்று மட்டும் இருந்தால் அம்பு திரும்பிவிடும்: தண்ணீர் → நடவு. 'அன்லெஸ்' வந்தால் 'இல்லாவிட்டால்' என்று படித்து, அப்புறம் அம்பு போடு.

சரியான திருப்பம் ஒன்றே: இரண்டு பக்கத்தையும் மறுத்து, இடமும் மாற்ற வேண்டும். இடத்தை மட்டும் மாற்றினாலும் தப்பு, மறுப்பை மட்டும் போட்டாலும் தப்பு. இந்த வகைக் கேள்வியில் தவறான விடைகள் பலவும் இந்த இரண்டு தப்பிலிருந்து செய்ததாகவே இருக்கும்.

அம்பை_ப்ளஸ்டூ:
அண்ணாச்சி, நானே ஒண்ணு போட்டுப் பார்த்தேன். "ஹால் டிக்கெட் இல்லாம யாரையும் உள்ள விட மாட்டாங்க. குமார் உள்ள போகல. அதனால அவன்ட்ட ஹால் டிக்கெட் இல்ல." சரியா? நேரம் எப்படிப் பிரிக்கணும்? தெரியாததை விட்டுடணுமா?

சங்கரன்கோவில்_மாமா:
நேரத்தை நான் சொல்லுதேன். லாஜிக்கலுக்கு 28 நிமிஷம் ஒதுக்கு. ஒரு பத்தியை ரெண்டு நிமிஷத்துக்குள்ள வாசிச்சு, ஓரத்துல முடிவை ஒரே வரியில எழுதிரு. அப்புறம் கேள்விக்கு 45 விநாடி. ரெண்டாம் தடவை பத்தியை முழுசா வாசிக்க வேண்டியிருந்தா முதல் வாசிப்பு சரியில்லைன்னு அர்த்தம்.

தப்புக்கு 0.25 குறையும். நாலு விடையில ஒண்ணைக்கூடத் தள்ள முடியலன்னா கண்ணை மூடிப் போட்டாலும் சராசரி லாபம் 0.06 மார்க்தான், அதுக்கு நேரம் செலவழிக்காதே. ரெண்டைத் தள்ளிட்டா சராசரி 0.375, கட்டாயம் போடு.

பயிற்சிக்கு, கிளாட் நடத்துற தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு வெளியிட்ட பழைய தாள்களை முதல்ல முடி. தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கம் எடுத்து முடிவு, காரணம், அனுமானம் மூணையும் எழுது. அந்த வட்ட மேசைப் புத்தகத்தையும் தூக்கிப் போட்டுராதே. டெல்லி தேசிய சட்டப் பல்கலையோட ஏஐஎல்இடி தேர்வுல 150-க்கு 70 கேள்வி லாஜிக்கல், அங்க புதிர் வகையும் வரும். நம்ம திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, ப்ளஸ் டூ மார்க்தான். அதனால பள்ளிப் பாடத்தைக் கைவிடாதே.

தாமிரபரணிக்கரை:
குமார் கணக்கு தப்பும்மா. அம்பு போட்டுப் பார்: உள்ளே → டிக்கெட். நீ 'உள்ளே இல்லை' என்பதிலிருந்து 'டிக்கெட் இல்லை' என்று வந்திருக்கிறாய். மறுப்பு மட்டும் போட்டிருக்கிறது, இடம் மாறவில்லை. டிக்கெட் இருந்தும் நேரம் கடந்து வந்திருக்கலாம். "குமாரிடம் டிக்கெட் இல்லை, அதனால் உள்ளே போகவில்லை" என்று எழுதியிருந்தால் சரி.