கடலுக்கு அடியில் தண்ணீர்ச் சுரங்கம்: உள்ளே போனவர்கள், பார்த்தவர்கள் எழுதுங்கள்

கல்லடியான்:
வளைகுடாவில் ஒரு மின் நிலையம், ஷட்டவுண் வேலை, அதாவது நிலையத்தை நிறுத்திவைத்துப் பழுது பார்ப்பது. நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சருக்குக் கடல்தண்ணீர் வரும் சுரங்கத்தை வற்றவைத்து எங்களை இறக்கினார்கள். சுவர் முழுக்க மட்டி, கை வைக்க இடமில்லை. சுரண்டிக்கொண்டே கடல் பக்கத் தடுப்புக் கதவுவரை போனேன். ரப்பர் விளிம்பில் ஓரிடத்தில் தண்ணீர் நூல்போல் பீய்ச்சி என் கன்னத்தில் அடித்தது. கதவுக்கு அந்தப் பக்கம் முழுக் கடல். சுப்பவைசரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது எப்பவும் அப்படித்தான்" என்றார். அந்தப் பதில்தான் இன்றுவரை என்னை விடவில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால், இந்தச் சுரங்கங்களுக்கு முதல் எதிரி மட்டிதான்.

மருதமுனை நானா:
தம்பி, மட்டியைச் சுரண்டி எடுக்கலாம். சுரங்கத்தைக் கடலோடு இணைப்பதுதான் பெரிய பாடு. 2022இல் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது சமர்செட் கரையில் நின்று பார்த்தேன். ஹிங்க்லி பாயின்ட் சி அணுமின் நிலையத்துக்காக, சுரங்கத்துக்குத் தண்ணீர் எடுக்கும் வாயான 5,000 தொன்னுக்கு மேற்பட்ட கொங்கிரீட் தலையைக் கடலில் இறக்க இரண்டு மிதக்கும் கிரேன்கள் தூரத்தில் நின்றன. நம் கிழக்கிலங்கைக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. அங்கே பத்து மீற்றருக்கு மேலும் போகும். நீரோட்டம் ஓயும் சிறு இடைவெளியில்தான் இறக்கலாம். அவ்வளவு பெரிய கிரேன்கள் தண்ணீருக்காகக் காத்து நின்றன!
அதைவிடப் பயங்கரம் அடியில். கடல் தரையில் செங்குத்தாகக் குழி இறக்கிவிட்டு, 3.5 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள்ளிருந்து பக்கவாட்டில் குடைந்து அந்தக் குழியைப் பிடிக்கிறார்கள். குடைபவரின் தலைக்கு மேல் பாறை, அதற்கு மேல் கடல்.

ஒலுவில் வாசி:
நானா, இரண்டு பேரும் சுனாமியை மறந்துவிட்டீர்கள். சென்னையில் படிக்கும்போது கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை செய்த ஒருவரைச் சந்தித்தேன். 2004 டிசம்பர் 26 காலை சுரங்கம் வழியாகக் கடல் ஏறி பம்ப் அறைக்குள் வந்ததாம். பம்புகள் நின்றன, உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். நம் கரையில் வீடுகளுக்கு மேலால் வந்த அதே கடல் அங்கே நிலத்துக்கு அடியாலும் வந்திருக்கிறது.
சரி, இங்கே பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. நம் கரையில் இப்படி எதுவும் கட்டுவதென்றால் முதலில் மணல் எவ்வளவு நகர்கிறது என்று அளவிடுங்கள். ஒலுவில் துறைமுக வாயை மணல் மூடியதையும் பக்கத்துக் கரையைக் கடல் அரித்ததையும் நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். வாரக்கடலில் (வடகீழ்ப் பருவம்) ஓர் அளவு, சோளகத்தில் (தென்மேல் பருவம்) இன்னோர் அளவு என்று இரண்டு காலமும் எடுக்க வேண்டும். நீர் எடுக்கும் வாயைக் கடல் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மேலே மூடி போட்டுப் பக்கவாட்டில், மெதுவாகத் தண்ணீரை இழுங்கள். பக்கவாட்டு இழுப்பை மீன் உணர்ந்து விலகும், கீழ்நோக்கிய இழுப்பை அவ்வளவாக உணராது. கல்லடி அண்ணன், கதவின் அந்த ரப்பர் விளிம்பை அடுத்த ஷட்டவுணிலாவது மாற்றினார்களா?