உப்புவெளியில வீடு வாங்குறம், வேலுவேஷனும் குறைவு, காணியும் குறையுது, யாராவது விளங்கப்படுத்துங்க

கோணமலைப்பொடியன்
வணக்கம். திருகோணமலை உப்புவெளியில நிலாவெளி ரோட்டால உள்ளுக்க போற ஒழுங்கை ஒண்டில வீடு பாத்து 185 லட்சத்துக்குப் பேசி வச்சிருக்கம், அட்வான்ஸ் இன்னும் குடுக்கல்ல. லோனுக்குப் போட்டம், பேங்க் அனுப்பின வேலுவர் மார்க்கட் வேல்யூ 160 லட்சம், ஃபோஸ்ட் சேல் வேல்யூ 136 லட்சம் எண்டு எழுதிக் குடுத்திருக்கார், பேங்க்காரர் அந்த 136ல 75 வீதம், அதாவது 102 லட்சம்தான் தருவினமாம். நாங்க 130 கிடைக்கும் எண்டு கணக்குப் போட்டு இருந்தனாங்க.

இதுக்குள்ள லோயர் சொன்னார் எண்டு புதுசா சர்வே செய்தம், உறுதியில (காணிப் பத்திரத்தில) 16 பேர்ச், இப்ப அளந்தா 14.8 தான் வருது. வீட்டுக்காரர் கனடாவில, தம்பிக்காரர்தான் அற்றோணி (அவருக்காக விக்கிற அதிகாரப் பத்திரம்) வச்சுக் கதைக்கிறார், கேட்டா "வேலுவர்மார் எப்பவும் குறைச்சுத்தான் போடுவாங்க, சர்வேயர் பிழையா அளந்திட்டார்" எண்டு ஒரே கதை. மனிசிக்கு வீடு நல்லாப் பிடிச்சுப் போச்சு, அதுதான் பிரச்சினையே.

நாங்க கூடக் குடுக்கிறமா? அந்த 1.2 பேர்ச் எங்க போனது? வேலுவரும் சர்வேயரும் வந்து பாத்திட்டாங்கதானே, இனி வீட்டைத் தனியா ஆரும் பாக்கணுமா?

பாலையூற்று அக்கா
தம்பி, லோன் செக்‌ஷனில கனகாலம் இருந்தனான், அதால முதல் கேள்விக்கு மட்டும் சொல்லுறன். அந்த ரிப்போட் உங்களுக்காக எழுதினது இல்ல, காசு நீங்கதான் கட்டுறீங்க ஆனா அது பேங்க்குக்கு. நாளைக்கு நீங்க லோன் கட்டாட்டி அவசரத்தில வித்தா என்ன வரும் எண்டுறதுதான் ஃபோஸ்ட் சேல், அதால அது மார்க்கட் வேல்யூவ விட எப்பவும் குறைவுதான், அதைப் பாத்து பயப்பட வேணாம். நீங்க பாக்க வேண்டியது 185க்கும் 160க்கும் இடையில இருக்கிற 25 லட்சம். ரிப்போட்டில ஒரு பேர்ச்சுக்கு என்ன விலை, எத்தின பேர்ச், கட்டிடம் எத்தின சதுர அடி, ஒரு அடிக்கு என்ன, பழசுக்கு எவ்வளவு கழிச்சது எண்டு வரிசையா இருக்கும். கொப்பி ஒண்டு கேட்டு வாங்கி அந்தப் பக்கத்தை இங்க எழுதுங்க. கடைசித் தொகையை மட்டும் வச்சு ஒண்டும் சொல்லேலாது.

கோணமலைப்பொடியன்
நன்றி அக்கா, வாங்கிட்டன். காணி 14.8 பேர்ச், பேர்ச் 6 லட்சப்படி 88.8. வீடு 1150 சதுர அடி, அடி 8000 படி 92 லட்சம், அதில 25 வீதம் கழிச்சு 69. மதில் கிணறு எல்லாம் சேத்து 2.2. மொத்தம் 160. ஆனா மேல ஒரு பெரிய அறையும் பல்கனியும் இருக்கு, அதுவே 450 சதுர அடி வரும், அதைக் காணல்ல!

பாலையூற்று அக்கா
அங்கதான் விசயம் இருக்கு. மேல்மாடி உள்ளூராட்சிச் சபை பாஸ் பண்ணின பில்டிங் பிளானில இருக்கா எண்டு பாருங்க. இல்லாட்டி வேலுவர் அதைச் சேர்க்காம விட்டிருப்பார். அப்பிடியெண்டா வேலுவர் குறைச்சுப் போட்டார் எண்டு சொல்லேலாது, அனுமதி இல்லாத கட்டிடத்துக்கு உங்களிட்ட காசு கேக்கிறாங்க. பிளானும் சி.ஓ.சி.யும் (பிளான்படிதான் கட்டினது எண்டு சபை குடுக்கிற சான்றிதழ்) தம்பிக்காரரிட்டக் கேளுங்க. கடல் எவ்வளவு தூரம்? உயர் நீர் மட்டத்தில இருந்து 300 மீட்டருக்குள்ள எண்டா கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திட அனுமதியும் பாக்கணும்.

சங்கிலிக்காரன்
சர்வேயரோட வேலை செய்யுறவன் நான். சர்வேயர் பிழையா அளந்தார் எண்டு சொல்லுறவையிட வாயை மூட ஒரு சின்னக் கணக்கு. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி, 16 பேர்ச் எண்டா 4356, சதுரக் காணியா இருந்தா ஒரு பக்கம் 66 அடி. 1.2 பேர்ச் கிட்டத்தட்ட 327 சதுர அடி, அதை 66ஆல பிரிச்சா 5 அடி. டேப் பிடிக்கிறதில அஞ்சு அடி நழுவாது. ஒரு பக்கம் முழுக்க அஞ்சடி உள்ளுக்க வந்திருக்கு, ஒண்டு பக்கத்துக் காணிக்காரர் மதில் கட்டேக்க தள்ளிக் கட்டியிருப்பார், இல்லாட்டி ஒழுங்கை அகலிச்சிருக்கும். பழைய பிளானையும் புதுப் பிளானையும் மேலுக்கு மேல வச்சு எந்தப் பக்கம் குறையுது எண்டு பாருங்க. ஒழுங்கைப் பக்கம் எண்டா சபையில ஸ்ட்ரீட் லைன் சேட்டிபிகட் (ரோட்டு எல்லை எதுவரைக்கும் எண்டு காட்டுற சான்றிதழ்) எடுங்க. மதில் பக்கம் எண்டா அது எப்ப கட்டினது எண்டு அயலுக்க விசாரிங்க, பத்து வருசத்துக்கு மேல தடையில்லாம அவர் ஆட்சியில இருந்தா ஆட்சியுரிமை எண்டு கேக்க வழி இருக்கு, அதை நீங்க வாங்கினாப் பிறகு கோட்டில இழுபடுறதை விட இப்ப விலையில கழிக்கிறது சுகம்.

கோணமலைப்பொடியன்
வடக்குப் பக்க மதில்தான் அண்ணா. பக்கத்து வீட்டு ஐயா 2006ல கட்டினதாம், சுனாமிக்குப் பிறகு வேலியெல்லாம் போய் ஆளாளுக்கு மட்டுக்கட்டி வச்ச எல்லையாம். பில்டிங் பிளானில மேல்மாடி இல்ல, அக்கா சொன்னது சரி.

மேசன் மருமகன்
மூண்டாவது கேள்விக்கு ஆரும் பதில் சொல்லல்லையே. சர்வேயர் பாக்கிறது காணி, வேலுவர் பாக்கிறது விலை, சுவர் வெடிச்சிருக்கா கம்பி துருப்பிடிச்சிருக்கா எண்டு ரெண்டு பேரும் பாக்கமாட்டாங்க. நம்மட கடல் காத்துக்கு முதல்ல பல்கனிக்கும் சன்ஷேட்டுக்கும் அடியில பாருங்க, பெயிண்ட் புதுசா இருந்தா கூடுதலாச் சந்தேகப்படுங்க. சுத்தியல் பிடியால தட்டிப் பாத்தா நல்ல கொங்கிரீட் இறுக்கமாக் கேக்கும், உள்ள உரிஞ்சது எண்டா டொக்கு டொக்கு எண்டு வெறுஞ்சத்தம் வரும். கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாருங்க, உப்பு எண்டா அதுக்கும் விலை பேசலாம். மாரி மழைக்கு முத்தத்தில தண்ணி நிக்குமா எண்டு முன்வீட்டுக்காரரைக் கேளுங்க, விக்கிறவரைக் கேக்காதீங்க. மேல்மாடிக்கு எஞ்சினியர் ஒராள் கட்டாயம், கீழ்ச் சுவர் அந்தப் பாரத்துக்குக் கட்டினதா எண்டு ஆருக்குத் தெரியும்.

பாலையூற்று அக்கா
மறந்திட்டன், செலவுக் கணக்கும் பாத்துக்கொள்ளுங்க. ஸ்டாம்ப் டூட்டி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், 185க்கு 7,39,000 வரும், அதுக்கு லோன் கிடையாது. காணிப் பதிவகத்தில தோம்பு (காணி கைமாறின பதிவு) எடுத்து 30 வருசம் பின்னுக்குப் பாக்கச் சொல்லி லோயரைப் பிடியுங்க. உறுதிக் காணிதானா, பேமிட் காணியா (அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில குடுத்தது)? பேமிட் எண்டா பிரதேச செயலகத்திட அனுமதி இல்லாம கை வைக்காதீங்க.

கோணமலைப்பொடியன்
உறுதிக் காணிதான் அக்கா. தம்பிக்காரரோட கதைச்சிட்டன், 1.2 பேர்ச்சுக்கு 7.2 லட்சத்தைக் கழிக்கச் சொல்லிக் கேட்டன், முதல்ல கத்தினார், பிளானைக் காட்டினாப் பிறகு அண்ணனோட கதைச்சிட்டுச் சொல்லுறாராம். மேல்மாடிக்கு எஞ்சினியர் சனிக்கிழமை வாறார். கடைசிக் கேள்வி, உறுதியில எந்த அளவை எழுதுறது, 16ஆ 14.8ஆ?

சங்கிலிக்காரன்
புதுப் பிளானில உள்ள 14.8தான் எழுதணும், உறுதியில காணி விவரம் எழுதுற அட்டவணையில புதுப் பிளான் நம்பர், திகதி, சர்வேயர் பேர் போட்டு, இது பழைய உறுதியில சொன்ன 16 பேர்ச் காணிட மறுஅளவை எண்டும் சேத்து எழுதச் சொல்லி உறுதி எழுதுற நொத்தாரிசிட்ட நிண்டு கேளுங்க. அந்தத் தொடர்பை விட்டிட்டா ரெண்டும் வேற வேற காணி மாதிரிப் பதிவகத்தில கிடக்கும், பேங்க்கும் திருப்பி அனுப்பும்.