நாலு வருஷம் கழித்து மறுபடி டூயத்லான்: எதைக் குறைப்பது?

வணக்கம். வயது 42, திருவான்மியூர். முழங்கால் வலியால் 2021இல் நிறுத்தியவன். இப்போது டூயத்லான் போட்டியின் குறுகிய வகையான ஸ்பிரின்ட் தூரத்துக்குத் தயாராகிறேன்: 5 கி.மீ. ஓட்டம், 20 கி.மீ. சைக்கிள், மறுபடி 2.5 கி.மீ. ஓட்டம். ஞாயிறு விடியற்காலை ஈசிஆரில் கோவளம் வரை சைக்கிள். ஆனால் திங்கள் ஓடப்போனால் கால் மரக்கட்டையாகிவிடுகிறது. எதைக் குறைப்பது?

பதில் 1:
எதையும் குறைக்க வேண்டாம் அண்ணா, கிழமையை மாற்றுங்கள். திங்கள் ஓய்வு, செவ்வாய் ஓட்டம். புதன் 40 நிமிடம் சைக்கிள் மிதித்து, இறங்கிய கையோடு ஷூவை மாட்டி 10 நிமிடம் ஓடுங்கள். இதுதான் முக்கியம். எனக்கும் முதல் மூன்று வாரம் தொடை என்னுடையதாகவே இல்லை, அப்புறம் பழகிவிட்டது. முதல் 5 கி.மீ.யில் மற்றவர்கள் பறந்தாலும் விட்டுவிடுங்கள். கடைசி 2.5இல் பிடிக்கலாம்.

பதில் 2:
சைக்கிளின் கடைசி கிலோமீட்டரில் லேசான கியருக்கு வந்து வேகமாக மிதியுங்கள், கால் இளகும். முழங்கால் வலி என்றால் சீட் உயரத்தையும் பாருங்கள். எனக்கு முன்பக்கம் வலித்தது. சீட் தாழ்வாக இருந்ததுதான் காரணம்.

கேட்டவர்:
நன்றி தம்பி, சீட் உண்மையிலேயே தாழ்வு! ஒரு சென்டிமீட்டர் ஏற்றியிருக்கிறேன். புதன் முயற்சி செய்துவிட்டு எழுதுகிறேன்.