மறுமொழி: 'டிஸ்பர்ஸ்டு கேம்பிங்' – 'சிதறல் முகாம்' சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

'டிஸ்பர்ஸ்டு கேம்பிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நான் கேட்டதற்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: சிதறல் முகாம், இலவச முகாம், ஆதிமுறை முகாம். யோசித்து எழுதியவர்களுக்கு நன்றி. ஆனாலும் மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தை அந்தச் சொல் புழங்கும் நிலத்திலிருந்தே சொல்கிறேன். ஒரெகன் மாநிலத்தில் 11 ஆண்டுகளாக இருக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது காஸ்கேடு மலைகளைத் தாண்டிக் கிழக்கே போய், மேட்டுப் பாலைவனத்தில் இரவு தங்கி வருகிறோம். இங்கே புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி எழுதத் தொடங்கி, முதல் பக்கத்திலேயே இந்தச் சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பொருள் இதுதான். அமெரிக்காவின் மேற்கே ஒன்றிய அரசின் கையில் ஏராளமான நிலம் இருக்கிறது. நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் மட்டும் ஏறக்குறைய 24.5 கோடி ஏக்கர். அதற்குள் எண் போட்ட இடம், மேசை, கழிப்பறை என்று அமைத்துக் கொடுத்த கேம்ப்கிரவுண்டுகள் அங்கங்கே உண்டு. அவற்றுக்கு வெளியே, தடை இல்லாத இடமாகப் பார்த்து, பாதையோரம் வண்டியை நிறுத்தி நாமே தங்கிக்கொள்வதுதான் டிஸ்பர்ஸ்டு கேம்பிங். கட்டணமும் முன்பதிவும் கிடையாது. தண்ணீரும் குப்பைத்தொட்டியும் கிடையாது. பெரும்பாலான வட்டாரங்களில் 28 நாளுக்குள் 14 நாள் வரை ஓரிடத்தில் இருக்கலாம். அதன்பின் இடம் மாற வேண்டும். 25 மைலுக்கு அப்பால் போகச் சொல்லும் வட்டாரங்களும் உண்டு.

'சிதறல்' ஏன் ஒட்டவில்லை? தமிழில் சிதறுவது தேங்காய், இல்லையென்றால் தோற்ற படை. ஒன்றாக இருந்தது உடைந்துபோனால்தான் சிதறல். இங்கே எதுவும் உடையவில்லை. ஒரே இடத்தில் கூட்டம் போடாமல் ஆளுக்கொரு மூலையில் தங்குகிறார்கள், அவ்வளவுதான்.

'முகாம்' என்பதைப் பற்றி நம் குழுவிலுள்ள யாழ்ப்பாணத்து அக்கா போன வாரமே எழுதியிருந்தார். அகதி முகாம், தடுப்பு முகாம் என்று கேட்டும் இருந்தும் வந்தவர்கள் பிள்ளைகளோடு போகும் சுற்றுலாவுக்கு அந்தச் சொல்லை வாயெடுத்துச் சொல்ல மாட்டார்கள் என்றார். அதற்குமேல் எனக்கு வாதம் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டிலோ 'இலவச முகாம்' என்றால் கண் சிகிச்சை முகாம்தான் நினைவுக்கு வரும்.

'ஆதிமுறை' இன்னும் தவறு. 'பிரிமிட்டிவ் கேம்ப்சைட்' என்று இங்கே எழுதி வைப்பது ஆதிகாலத்தைக் குறித்து அல்ல. கட்டுமானம் ஒன்றும் இல்லாத இடம் என்பதற்காக. மேலும், அந்த நிலத்தின் ஆதிகாலம் வேறு கதை. இதே மேட்டுப் பாலையில் ஃபோர்ட் ராக் குகையில் 1938-இல் லூதர் கிரெஸ்மன் என்ற தொல்லியலாளர் செருப்புகளைக் கண்டெடுத்தார். சேஜ்பிரஷ் புதரின் பட்டையை உரித்துப் பின்னியவை. 9,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. அந்த நிலத்தின் பூர்வகுடிகளான வடக்குப் பையூட் மக்கள் இன்றும் பர்ன்ஸ் ஊருக்கு அருகில் வாழ்கிறார்கள். நாம் வார இறுதியில் கூடாரம் அடிப்பதற்கு 'ஆதிமுறை' என்று பெயர் வைத்தால் அது அவர்களுடைய சொத்தில் கை வைப்பதாக எனக்குப் படுகிறது.

(சேஜ்பிரஷ் நம் மரிக்கொழுந்தின் இனம். மழை பெய்து ஓய்ந்த மாலையில் அந்தப் புதர்க்காட்டில் இறங்கி நின்றால் மணம் முகத்தில் அறையும். தனி இழையில் அதைப் பற்றி எழுத ஆசை.)

இடம் தேடும் வேலை எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். சொல் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். நில உடைமை வரைபடத்தில் பணியகத்தின் நிலம் மஞ்சள், தேசிய வனம் பச்சை, தனியார் நிலம் வெள்ளை. மஞ்சளுக்கு நடுவே வெள்ளைத் துண்டுகள் கிடக்கும். உற்றுப் பார்த்தால் அவை பெரும்பாலும் ஊற்று, ஓடை, புல்வெளி இருக்கும் இடங்கள். 1862-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்க வந்தவர்கள் தண்ணீர் இருந்த இடத்தை முதலில் எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேட்காத வறண்ட நிலம் அரசிடமே நின்றுவிட்டது. ஆகவே மஞ்சள் நிலத்தில் தங்குகிறவர் தண்ணீரைச் சுமந்துதான் போக வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது குறைந்த கணக்கு.

மஞ்சளைக் கண்டுபிடித்ததும் செயற்கைக்கோள் படத்தைத் திறப்பேன். மண்பாதையிலிருந்து ஒரு சிறு கிளை பிரிந்து, நூறு அடி போய், முட்டை வடிவில் வெளிறிய திட்டில் முடியும். நடுவில் புகையேறிய கல் வட்டம் ஒன்று தெரிந்தால், பலர் தங்கிய இடம் அது. அங்கேதான் தங்க வேண்டும். சற்றுத் தள்ளி அழகாகத் தெரியும் இடத்தில் வண்டியை ஏற்றக் கூடாது. பாலை மண்ணின் மேல் பாசியும் லைக்கனும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒரு பொருக்கு கட்டியிருக்கும். மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு டயர் ஏறிய தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

எல்லாமே தரையைப் பற்றியது என்பதை நான் ஆல்வோர்டு பாலையில் கற்றேன். ஸ்டீன்ஸ் மலையின் கிழக்கடியில், 4,000 அடி உயரத்தில், வற்றிப்போன ஏரியின் அடித்தளம் அது. மேலே 9,733 அடி மலை மழையை மறித்துவிடுவதால் தளம் காய்ந்து, வெடித்து, ஓடு பதித்ததுபோல் கிடக்கும். ஒரு மே மாதம் மாலையில் அதன்மேல் வண்டியை ஓட்டிப்போய் நடுவில் தங்கினோம். இரவு மூன்று மணிக்குத் தூறல் விழுந்தது. விடிந்து இறங்கினால் காலோடு இரண்டு கிலோ சேறு வருகிறது. வண்டியைக் கிளப்பினால் அச்சு வரை போய்விடும். வெயிலுக்காக அன்று முழுதும், மறுநாள் நண்பகல் வரையும் காத்திருந்தோம். தண்ணீரைக் கூடுதலாகக் கொண்டுபோயிருந்ததால் பிள்ளைகளுக்குக் குறை வரவில்லை. மழை அறிகுறியைப் பார்க்காமல் போனது என் தவறு.

எனவே சொல்லில் 'தரை' வர வேண்டும் என்பது என் கட்சி. 'வெறுந்தரைத் தங்கல்' என்று முன்வைக்கிறேன். கேட்டவுடன் விரிப்பு, தண்ணீர், கழிப்பறைக்கு வழி எல்லாவற்றையும் தானே கொண்டுபோக வேண்டும் என்று விளங்குகிறது. 'தங்கல்' ஊர்ப் பெயர்களில் ஏற்கெனவே இருக்கிற சொல், திருத்தங்கல் உண்டு. நம் குழுவிலுள்ள சிவகங்கை ஐயா நில அளவைத் துறையில் இருந்தவர். அவர் கருத்தைக் கேட்க ஆவல்.

———

> எனவே சொல்லில் 'தரை' வர வேண்டும் என்பது என் கட்சி.

அன்புள்ள அம்மா,

மடலை இரண்டு முறை படித்தேன். மஞ்சள், வெள்ளை வரைபடத்தைப் பற்றி எழுதியிருப்பது என் பழைய தொழிலைக் கண்முன் கொண்டுவந்துவிட்டது. நீங்கள் சொல்லும் மஞ்சள் நிலத்துக்கு நம் கிராமக் கணக்கில் பெயர் இருக்கிறதே: புறம்போக்கு. தீர்வைக் கணக்குக்கு, அதாவது நிலவரிக் கணக்குக்குப் புறம்பாகப் போனது என்று பொருள். மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று 'அ' பதிவேட்டில் வரிசையாக வரும். யாரும் பட்டா கேட்காததால் அரசிடம் நின்ற நிலம் என்றால் 'தீர்வை ஏற்படாத தரிசு' என்பதும் பொருந்தும். 'புறம்போக்கு' என்ற சொல்லை வசவாக்கிவிட்டார்கள் என்று எனக்கு நீண்டநாள் வருத்தம். நல்ல பொருளில் மீட்க இது ஒரு வாய்ப்பு.

இரண்டாவது, தங்கல். நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். எங்கள் கீதாரிகள் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களைத் தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் வரைக்கும் போவார்கள். ராத்திரிக்கு வெட்டவெளியில் கிடை மறிப்பார்கள், அதாவது மந்தையை ஓரிடத்தில் மடக்கித் தாங்களும் தங்குவார்கள். கூரை இல்லை, சுவர் இல்லை. ஒரே இடத்தில் கிடையைப் போட்டே வைத்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு இந்த வயல், நாளைக்குப் பக்கத்து வயல். 14 நாள் தங்கி இடம் மாற வேண்டும் என்று நீங்கள் எழுதியதும் எனக்குக் கிடைதான் நினைவுக்கு வந்தது. 'கிடைத்தங்கல்' என்று வைத்தால் என்ன? மேய்ச்சலுக்கும் அந்த நிலத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? தெரிந்தால் எழுதுங்கள் அம்மா.

'வெறுந்தரை' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் பாயில்லாமல் படுப்பதையும் வெறுந்தரையில் படுத்தான் என்றுதானே சொல்கிறோம்? அதை எப்படி விலக்குவீர்கள்?

———

ஐயா, வணக்கம்.

தொடர்பு உண்டு, நெருக்கமாகவே உண்டு. நில மேலாண்மைப் பணியகமே மேய்ச்சலின் பிள்ளை. 1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. அதுவரை கணக்கில்லாமல் மேய்ந்து அழிந்துகொண்டிருந்த பொதுநிலத்துக்கு அந்தச் சட்டம் உரிமமும் கட்டணமும் கொண்டுவந்தது. அதை நடத்த அமைந்த மேய்ச்சல் துறையையும், 1812 முதல் நிலம் வழங்கி வந்த பொது நில அலுவலகத்தையும் 1946-இல் இணைத்ததுதான் இன்றைய பணியகம். ஸ்டீன்ஸ் மலையிலும் நெவாடாவிலும் ஆடு மேய்த்தவர்களில் ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையிலிருந்து வந்த பாஸ்கு மக்கள் பலர். மாதக்கணக்கில் தனியாக மந்தையோடு கிடந்தவர்கள், ஆஸ்பென் மரங்களின் வெள்ளைப் பட்டையில் தம் பெயரையும் ஆண்டையும் செதுக்கி வைத்தார்கள். அவற்றில் சிலவற்றை இன்றும் பார்க்கலாம். உங்கள் ஊர்க் கீதாரியை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒரு வாரத்தில் பழகிவிடுவார் என்றே நினைக்கிறேன்.

அதனாலேயே 'கிடைத்தங்கல்' என்னை மிகவும் இழுத்தது. நேற்று இரவு வழிகாட்டியின் ஐந்து வரிகளில் போட்டுப் பார்த்தேன். 'இப்பகுதியில் கிடைத்தங்கல் உண்டு' என்று எழுதியதை என் மகள் 'கிடைத்த தங்கல்' என்றுதான் படித்தாள். என் தோழியும் அப்படியே. தேடுபொறியிலும் 'கிடைத்த' என்பதோடு கலந்துவிடும். வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் கிடையை முழுக்க விட மனமில்லை. 14 நாள் முடிந்ததும் கட்டாயமாக இடம் மாறுவதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது. 'கிடைமாற்று' என்று வைத்துக்கொள்கிறேன். 'கிடைமாற்று: 14 நாளுக்குப் பின், 25 மைலுக்கு அப்பால்' என்று அட்டவணையில் எழுதினால் ஒரு வரியில் முடிகிறது. அதில் குழப்பமும் வரவில்லை.

புறம்போக்கு பற்றி. சொல்லின் வரலாறு நீங்கள் சொன்னபடி அப்படியே பொருந்துகிறது. எனக்குத் தயக்கம் ஒரே இடத்தில். புறம்போக்கில் தங்கினால் ஆக்கிரமிப்பு, எந்நேரமும் எழுப்பிவிடுவார்கள் என்பது நம் ஊர் அனுபவம். இங்கே 14 நாள் தங்குவதற்கு விதியே இடம் கொடுக்கிறது. வாசகர் பயத்தோடு போகக் கூடாது, உரிமையோடு போக வேண்டும். ஆகவே தலைப்பில் 'பொதுநிலம்' என்றே இருக்கட்டும். விளக்கத்தின் முதல் பத்தியில் 'நம் கணக்கில் புறம்போக்கு என்று வரும் நிலத்தைப் போன்றது' என்று எழுதி, அந்தச் சொல்லுக்கு நீங்கள் தந்த பொருளையும் சேர்த்துவிடுகிறேன்.

வெறுந்தரை வீட்டுக்குள்ளும் உண்டே என்ற உங்கள் கேள்வி சரியானது. 'தங்கல்' கூட வரும்போது அந்தப் பொருள் விலகிவிடுகிறது என்பது என் கணிப்பு. வீட்டில் வெறுந்தரையில் படுப்போம், தங்க மாட்டோம். இன்னொரு குழப்பம் எனக்கே தோன்றியது. வெறுந்தரை என்றால் யாரும் மிதிக்காத புதுத் தரை என்று ஒருவர் எடுத்துக்கொண்டு, நான் மேலே சொன்ன பொருக்கின் மேலேயே வண்டியை ஏற்றிவிட்டால்? அதைத் தடுக்கத் துணைச்சொல் வேண்டும். முன்பே பலர் தங்கி இறுகிய இடத்துக்குப் 'பழந்தரை' என்று பெயர் வைக்கலாம். ஆங்கிலத்தில் 'எக்ஸிஸ்டிங் சைட்' என்பார்கள். அதைவிடப் பழந்தரை நன்றாகவே சொல்கிறது.

யாரோ 'பூன்டாக்கிங்' என்பதையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அது தகலாகு மொழியில் மலையைக் குறிக்கும் 'புண்டோக்' என்ற சொல். பிலிப்பைன்ஸுக்குப் போன அமெரிக்கப் படைவீரர்கள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இன்று வண்டிவீட்டில் மின்இணைப்பு, குழாய் இல்லாமல் தங்குவதைக் குறிக்கிறது. தனிச்சொல் தேவையில்லை, வெறுந்தரைத் தங்கலிலேயே அடங்கும்.

வழிகாட்டிக்கு எழுதிய வரிகளைக் கீழே தருகிறேன். சொற்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

"ஹார்னி மாவட்டத்தின் பரப்பு 10,000 சதுர மைலுக்கு மேல், மக்கள் ஏறக்குறைய 7,500 பேர். பர்ன்ஸில் பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு தெற்கே இறங்குங்கள். அன்றைய தீத்தடை நிலவரத்தைப் பணியகத்தின் வட்டார அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த புல் மேல் சூடான வண்டியை நிறுத்தினாலே பற்றிக்கொள்ளும். வரைபடத்தில் மஞ்சளாக உள்ள பொதுநிலத்தில் வெறுந்தரைத் தங்கலுக்கு இசைவு உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, பழந்தரை பார்த்து இறங்குங்கள். தண்ணீர்க் கரையிலிருந்து 200 அடியாவது தள்ளித் தங்குங்கள். இரவில் மான்கள் குடிக்க வரும் ஊற்று அது. மலம் கழிக்க 6 முதல் 8 அங்குலம் குழி வெட்டி மூடுங்கள். ஏரித்தளத்தில் குழி வெட்டாமல் பையில் கட்டி எடுத்து வாருங்கள். ஜூலையில் பகல் 35 பாகை கொதித்தாலும் இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கும், கம்பளி வேண்டும்."

யாழ்ப்பாணத்து அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். 'தங்கல்' உங்கள் பக்கப் பேச்சில் இயல்பாக வருமா, 'தங்குமிடம்' என்று போட்டால்தான் காதுக்கு ஒட்டுமா? ஐயா, சேர்த்து எழுதினால் 'வெறுந்தரைத்தங்கல்' நீளமாகிவிடுகிறது. நான் பிரித்தே எழுதியிருக்கிறேன், ஒற்று மட்டும் விடாமல். அட்டவணையை வெள்ளிக்கிழமை ஏற்றுகிறேன். அதற்குள் உங்கள் திருத்தம் வந்தால் சேர்த்துவிடுவேன்.