சிந்தாமணியிலிருந்து இரண்டு மாடு கொண்டுவர என்னென்ன பேப்பர் வேண்டும்?

கட்டுத்தரை_தாராபுரம்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் நான்கு கறவை நிற்கிறது, நான்கும் நம் கட்டுத்தரையில் பிறந்தவை, வெளி மாடு வாங்கிப் பழக்கமில்லை. அடுத்த மாதம் கர்நாடகாவில் சிந்தாமணிப் பக்கம் போய் இரண்டு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் என்கிற கருப்பு வெள்ளைச் சீமை இனம்) வாங்கலாம் என்று இருக்கிறேன், இரண்டாம் ஈத்துச் சினையாக, அதாவது இரண்டாவது கன்றுக்குச் சினையாகக் கிடைத்தால் நல்லது. தரகர் ஒருவரிடம் பேப்பர் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் வண்டிக்காரன் பார்த்துக்கொள்வான், ஐந்நூறு ரூபாய் கூட வையுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பால் சொசைட்டியில் காதில் டேக் இருந்தால் போதும் என்கிறார்கள். மருந்தகத்தில் டாக்டர், ஹெல்த் சர்டிபிகேட் இல்லாமல் ஏற்றவே ஏற்றாதே என்கிறார். மூன்று பேர், மூன்று பேச்சு.

உண்மையில் என்ன வேண்டும், யாரிடம் வாங்குவது, வழியில் நிறுத்தினால் எதைக் காட்டுவது? காசு கொடுத்துத் தப்பிக்கிற வழி வேண்டாம். எனக்குப் போலீஸ் பயம் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் சந்தை மாட்டோடு கோமாரி என்கிற வாய், குளம்புத் தொற்று நோயையும் ஓட்டிக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்தப் பயம்தான்.

பழைய_ஆய்வாளர்

கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களிடம் பேசிய மூன்று பேரும் வெவ்வேறு பேப்பரைப் பற்றிப் பேசுகிறார்கள், அதனால்தான் குழப்பம்.

முதலில் டேக். மஞ்சள் நிறத்தில் 12 இலக்க எண்ணோடு காதில் தொங்குமே, அது. அந்த எண்தான் மாட்டுக்கு ஆதார் மாதிரி. கோமாரித் தடுப்பூசி போடும்போது அந்த எண்ணில்தான் பதிவு ஏறும், முன்பு இனாஃப் என்ற தளத்தில், இப்போது பாரத் பசுதன் என்ற தளத்தில். 2019-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் மாடு, எருமைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரி ஊசி இலவசம், நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுக்குக் கன்றுவீச்சு நோய்க்கு (சினை கலைய வைக்கிற புருசெல்லோசிஸ்) ஆயுளுக்கு ஒரே ஊசி. டேக் இருக்கிறது என்றால் அதெல்லாம் போட்டாயிற்று என்று அர்த்தமில்லை. எண்ணைக் கொண்டுபோய் அங்கே உள்ள அரசு மருந்தகத்தில் கொடுத்து, கடைசி ஊசி எந்தத் தேதியில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஊசி போட்ட மறுநாளே மாட்டை ஏற்றினால் பேப்பர் சரியாக இருக்கும், மாட்டுக்குள் எதிர்ப்புச் சக்தி இருக்காது. அதற்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும்.

நீங்கள் சினை மாடு தேடுகிறீர்கள் என்பதால் இன்னொன்று. நிறைசினை மாட்டுக்கு ஊசி போடும்போது பெரும்பாலும் தள்ளி வைப்பார்கள், கன்று போட்டபின் போட்டுக்கொள்ளலாம் என்று. அப்படி ஒரு சுற்று விட்டுப்போன மாடுதான் சந்தையில் நல்ல விலைக்கு நிற்கும், மடி இறங்கி, பார்க்க லட்சணமாக!

அடுத்தது ஹெல்த் சர்டிபிகேட். இது மாடு புறப்படுகிற இடத்தில் உள்ள கால்நடை மருத்துவர் தர வேண்டியது, உங்கள் ஊர் டாக்டர் தர முடியாது. மாட்டை நேரில் பார்த்து, தொற்று நோய் எதுவும் இல்லை, பயணத்துக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இது 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளிலேயே இருக்கிறது, புதிதாக யாரும் கண்டுபிடித்ததில்லை. சர்டிபிகேட்டில் டேக் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "கருப்பு வெள்ளைப் பசு 2" என்று மட்டும் எழுதினால் அது ஊரில் உள்ள எந்த மாட்டுக்கும் பொருந்தும்.

மூன்றாவது வாங்கியதற்கான சீட்டு. சந்தை என்றால் சந்தை ரசீது, வீட்டில் வாங்கினால் விற்றவர் பெயர், ஊர், டேக் எண், தொகை எழுதி இரண்டு கையெழுத்து.

புறப்படுவதற்கு முன்னால் அந்த மாவட்டத்தில் நோய்க் கட்டுப்பாடு ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். 2009-ஆம் ஆண்டு சட்டம் ஒன்று இருக்கிறது, கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புக்கென்றே. அதன்படி ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்துவிட்டால் ஊசி போடாத மாடு உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. 2022-இல் தோல் கழலை நோய் ராஜஸ்தான், குஜராத் பக்கம் மாடுகளை வாரிக்கொண்டு போனபோது பல இடங்களில் சந்தையையே மூடினார்கள்.

பிக்கப்_சேலம்

நான் வண்டிக்காரன். "வண்டிக்காரன் பார்த்துக்கொள்வான்" என்று தரகர் சொன்னார் பாருங்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்கிறேன். போன வாரம் வேறு மாட்டுக்கு எழுதிய சர்டிபிகேட்டின் ஜெராக்ஸ் ஒன்று வண்டி டேஷ்போர்டில் கிடக்கும். எல்லோரும் அப்படி இல்லை, ஆனால் நானே பார்த்திருக்கிறேன்.

ஒரிஜினல் உங்கள் கையில் இருக்கட்டும், போட்டோ என் போனில் இருக்கட்டும், அதுதான் எங்களுக்கும் பாதுகாப்பு. அனுப்புகிறவர், வாங்குகிறவர் இரண்டு பேர் பெயர், முகவரி, போன் நம்பர் ஒரு தாளில் இருக்க வேண்டும். கூட ஒரு ஆள் வர வேண்டும், டிரைவரை விட்டுத் தனியாக. மாட்டின் முகம் எஞ்சின் பக்கம். லாரியே ஆனாலும் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று விதி. உங்களுக்கு இரண்டுதான், பிரச்சினை இல்லை, ஆனால் தரகர் "வண்டியில் இடம் இருக்கிறது, இன்னொருவர் மாடு இரண்டும் வரட்டும், வாடகை பாதி" என்பார். அதற்குத் தலையாட்டாதீர்கள். அந்த மாட்டின் மூச்சும் எச்சிலும் உங்கள் மாட்டின் மேல்தான், ராத்திரி முழுக்க. ஏற்றுவதற்கு முன் வண்டியைக் கழுவினானா என்று பாருங்கள், பழைய வைக்கோல் கிடந்தால் இறக்கச் சொல்லுங்கள். நான் சலவைச் சோடா போட்டுக் கழுவுகிறேன், சில பேர் கேட்டாலே கோபப்படுவார்கள்.

மேய்ச்சல்காரன்

எல்லாம் சரி, ஆனால் ஒரு கேள்வி. ஐம்பதாயிரம் ரூபாய் மாட்டுக்கு இத்தனை தாளா? சந்தை கூடுவது விடியற்காலை மூன்று மணிக்கு, டாக்டர் வருவது பத்து மணிக்கு. நடுவில் ஏழு மணி நேரம் மாட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பது யார்? போன வருடம் நான் முறையாகவே போனேன். ஒரு மருந்தகத்தில் டாக்டர் முகாமுக்குப் போயிருக்கிறார், நாளை வா என்றார்கள். நாளை போனால் படிவம் தீர்ந்துவிட்டது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா என்று இரண்டு கிலோமீட்டர் அனுப்பினார்கள். கடைசியில் டாக்டர் மாட்டைப் பார்க்கக்கூட இல்லை, மேசையில் உட்கார்ந்தபடியே கையெழுத்து. இந்தக் காகிதம் எந்தக் கிருமியைத் தடுக்கும்? படித்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஆய்வாளர்

@மேய்ச்சல்காரன் உங்கள் கோபம் நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஒரு டாக்டர், சுற்றி இருபது கிராமம், நடுவில் ஊசி முகாம், அதுதான் நிலைமை. பார்க்காமல் போட்ட கையெழுத்து வெறும் மைதான். ஆனால் அந்தத் தாளில் டேக் எண்ணும் தேதியும் இருந்தால் ஒரு பயன் உண்டு. பத்து நாள் கழித்து உங்கள் ஊரில் கோமாரி கிளம்பினால், அந்த மாடு எங்கே இருந்து வந்தது, கூட யார் யார் வாங்கினார்கள் என்று பின்னாலேயே போய்ப் பார்க்க முடியும். தாள் இல்லாத மாட்டுக்குத் தரகரின் போன் நம்பர்தான் மிச்சம், அதுவும் சுவிட்ச் ஆஃப்.

சந்தையை விட வீட்டுக்கு வீடு போய் வாங்குங்கள், டாக்டர் வரும் நேரத்துக்கு நாம் நிற்கலாம்.

எருமைப்பட்டி_பால்

நான் சூடு கண்டவன், அதனால் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். மூன்று வருடத்துக்கு முன் வெளி மாநிலத்தில் ஒரு மாடு வாங்கினேன், எந்தச் சந்தை என்று சொல்லப் போவதில்லை. டேக் இருந்தது, சர்டிபிகேட்டும் இருந்தது, டேக் எண்ணும் அதில் இருந்தது. எல்லாம் பொருந்துகிறது என்று சந்தோஷமாக ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும்போது காதைப் பார்க்கிறேன். டேக் தேய்ந்து, எண் மங்கி, ஓரமெல்லாம் சாணிக்கறை, அதாவது வருடக்கணக்கில் தொங்கிய டேக். ஆனால் ஓட்டை புதிது! சுற்றி ரத்தம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது, தொட்டால் மாடு தலையை உதறுகிறது. பழைய டேக், புதுக் காது. மருந்தகத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் அது நான்காம் ஈத்து மாடு என்று வந்தது, என் வீட்டில் நின்றதோ பல் சேராத இளம் மாடு. வேறு மாட்டின் டேக்கைக் கழற்றி இதற்குக் குத்தியிருக்கிறார்கள், ஊசி போட்டதெல்லாம் அந்த மாட்டுக்கு. ஆறாம் நாள் வாயில் நுரை, குளம்பு இடுக்கில் புண். அதற்குள் மற்ற மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தாயிற்று. இரண்டு கன்று போயிற்று. தப்பிய மாடுகள் வெயில் ஏறினால் இன்றைக்கும் மூச்சிரைக்கும்.

அதனால் சொல்கிறேன், டேக் எண்ணைப் படிப்பதற்கு முன் காதைப் பாருங்கள், ஓட்டை ஆறிப் பளபளவென்று இருக்க வேண்டும். அப்புறம் பல், ஈத்து, நிறம் மூன்றும் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். இன்சூரன்ஸும் டேக்கை வைத்துத்தான், டேக் மாறினால் மாடு செத்தாலும் ஒரு பைசா வராது.

முடிந்தால் ரத்தம் எடுத்துக் கன்றுவீச்சுக்குச் சோதனை செய்யச் சொல்லுங்கள், சர்டிபிகேட்டில் அது தானாக வராது. அந்த நோய் இருக்கிற மாடு பார்க்க ஜம்மென்று இருக்கும், காய்ச்சாத பாலில் மனிதனுக்கும் வரும்.

டெவன்_மாட்டுக்காரன்

நான் இங்கிலாந்தில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்க்கிறேன், ஆர்வத்தில் படித்தேன். இங்கே கறவை இனக் கன்று பிறந்த 36 மணி நேரத்துக்குள் முதல் டேக் குத்த வேண்டும், 27 நாளுக்குள் அதற்குப் பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், ஆமாம், பெயரே பாஸ்போர்ட்தான். வெளியிலிருந்து ஒரு மாடு உள்ளே வந்தால் அதன்பின் ஆறு நாள் பண்ணையிலிருந்து மாடு, ஆடு எதையும் வெளியே அனுப்ப முடியாது, சில விலக்குகள் தவிர. 2001-இல் கோமாரி வந்து அறுபது லட்சத்துக்கும் மேல் கால்நடைகளைக் கொன்றார்கள். முதலாளி கிழவர் அதைப் பற்றி இன்னும் பேச மாட்டார். பேப்பர் வேலைக்கு மட்டும் முணுமுணுப்பார், நம் ஊர் மாதிரியேதான்.

கட்டுத்தரை_தாராபுரம்

எல்லோருக்கும் நன்றி, போய் வந்துவிட்டேன். இரண்டு வாங்கப் போய் ஒன்றுதான் வாங்கினேன். இரண்டாவது மாடு விலை படிந்து முன்பணம் கொடுக்கப் போகும்போது காதைப் பிடித்துப் பார்த்தேன், எருமைப்பட்டிக்காரர் சொன்ன அதே பொருக்கு. விற்றவர் "நேற்றுதான் முகாமில் குத்தினார்கள்" என்றார், ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம், நான் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். தரகருக்குக் கோபம். வாங்கியது வீட்டு மாடு, கோமாரி ஊசி போட்டு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. சர்டிபிகேட்டுக்கு ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டியதாயிற்று, டாக்டர் வந்து ஜுரம் பார்த்து, வாயைத் திறந்து பார்த்துத்தான் எழுதினார். வழியில் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள், தாளைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது மாடு கிணற்று மேட்டில் வேப்ப மரத்தடியில் தனியாக நிற்கிறது, இன்றைக்கு ஒன்பதாவது நாள். தண்ணீர்த் தொட்டி தனி, சாணிக் கூடை தனி, மற்ற மாடுகளைக் கறந்து முடித்தபின்தான் வீட்டுக்காரி அங்கே தீவனம் எடுத்துக்கொண்டு போகிறாள். எத்தனை நாள் வைக்க வேண்டும்? இன்னொன்று, டேக் எண்ணைப் போட்டால் இன்னும் பழைய உரிமையாளர் பெயர்தான் வருகிறது.

பழைய_ஆய்வாளர்

இருபத்தொரு நாள் வையுங்கள். பெயர் மாற்றத்துக்கு அந்த வாங்கின சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் மருந்தகத்துக்குப் போங்கள், அவர்கள்தான் மாற்றித் தர வேண்டும். மாட்டை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், காதை டேக்கோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் போதும்.