அமுக்கினால் அணைகிறது, மூன்றாம் நாள் மறுபடி எரிகிறது: டயர் காற்று விளக்கு

கோத்தகிரிக் கணக்கர்:

மகன் பெங்களூருவுக்கு மாற்றலாகிப் போனபோது காரை என்னிடம் விட்டுச் சென்றான். பத்து நாட்களுக்கு முன் மேட்டுப்பாளையத்தில், மதியம் இரண்டு மணி வெயிலில், நான்கு டயருக்கும் 33 பாயிண்ட் காற்று அடித்துக்கொண்டு மலையேறினேன். நான்காம் நாள் அரவேணு தாண்டுவதற்குள் டேஷ்போர்டில் குதிரை லாடம் போல ஒரு மஞ்சள் படம், நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைவாம். இறங்கி ஒவ்வொன்றையும் உதைத்துப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தன.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கிப் பிடித்தால் விளக்கு இருமுறை சிமிட்டி அணைகிறது. மூன்றாம் நாள் மறுபடி எரிகிறது. இப்படி மூன்று முறை ஆகிவிட்டது. "மலைக் குளிருக்கு அப்படித்தான் எரியும், அமுக்கிவிடுங்கள் அப்பா" என்கிறான் மகன். தேயிலைத் தொழிற்சாலையில் தராசு முள்ளைப் பார்த்தே பிழைத்தவன் நான். முள் பொய் சொன்னால் தராசைத் தட்டிப் பார்ப்போம். இங்கே தட்டுவதற்கு என்ன இருக்கிறது? விளக்கை ஒரேயடியாக அணைக்க வழி உண்டா?

குன்னூர் டாக்சி:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பொத்தானை அமுக்குவது, "இப்போது டயரில் இருப்பதுதான் சரியான அளவு" என்று வண்டிக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல. காற்று இறங்கிய டயரோடு அமுக்கினால் அந்தக் குறைந்த அளவையே சரியென்று எடுத்துக்கொள்ளும். அதற்கும் கீழே இறங்கினால்தான் அடுத்த முறை எரியும். மூன்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்!

இப்படிப் பொத்தான் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் டயருக்குள் சென்சார் கிடையாது. பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் கருவிதான் இந்த வேலையையும் பார்க்கிறது. காற்று குறைந்த டயர் சற்றுச் சிறுத்து, மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்துக்குத்தான் விளக்கு. குளிரில் நான்கும் ஒன்றாக இறங்கினால் வித்தியாசம் ஏது? எனக்கென்னவோ ஒரு டயர் ஒழுகுகிறது என்றுதான் படுகிறது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் நான்கையும் அளந்து எழுதுங்கள். கால் பம்பில் உள்ள மீட்டரே போதும். உதைத்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

கொடைக்கானல் இயற்பியல் டீச்சர்:

அண்ணன் சொல்வது சரி. ஆனால் குளிரையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய ஒன்றரை பாயிண்ட் இறங்கும். மறுபுறம், மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கோத்தகிரி உயரத்தில் மீட்டர் இரண்டு பாயிண்ட் கூடுதலாகக் காட்டும். ஓடிச் சூடான டயரில் மதியம் 33 என்றால், அங்கே குளிர்ந்த காலையில் 30 வாக்கில் இருக்கும். அது இயல்பு.

என் வண்டியில் டயருக்குள் சென்சார் உண்டு. ஜனவரி உறைபனிக் காலைகளில் விளக்கு எரியும், பெருமாள்மலை போய்ச் சேர்வதற்குள் தானே அணைந்துவிடும். வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால் மட்டும் அது கருவிக் கோளாறு.

சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். மலை மேலேயே, டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று அடியுங்கள். ஓடிய பிறகு கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள்.

கோத்தகிரிக் கணக்கர்:

காலை 6.40. முன் வலது 30, முன் இடது 30, பின் வலது 30, பின் இடது 21. நோட்டில் எழுதும்போதே கை கூசியது. இந்த டயரோடுதான் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

பஞ்சர் கடைத் தம்பி டயர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஊற்றினான். ஆணியும் இல்லை, குமிழும் இல்லை. பிறகு விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்தான். கடுகளவு குமிழ் ஒன்று எழுந்தது, மிளகளவு ஆனது, உடைந்தது. மறுபடி கடுகு. மூடி எப்போதோ விழுந்துவிட்டிருக்கிறது, உள்ளே செம்மண். வால்வுக்குள் இருக்கும் சிறு ஊசியை மாற்றி, புது மூடியும் போட்டுவிட்டான். 50 ரூபாய். இனிப் பொத்தானை அமுக்கலாமா?

குன்னூர் டாக்சி:

நாளைக் காலை நான்கையும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சமமாக்கிவிட்டு, வண்டி நின்றபடியே அமுக்குங்கள். அதோடு முடியாது, புது அளவைப் பழகிக்கொள்ள அதற்கு நேரான ஓட்டம் வேண்டும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்றும்போது அது எதைப் பழகும்? மேட்டுப்பாளையம் இறங்கி, காரமடைப் பக்கம் அரை மணி நேரம் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள்.

கோத்தகிரிக் கணக்கர்:

போய்வந்து ஒன்பது நாளாகிறது. விளக்கு வரவில்லை. தினமும் காலையில் அளக்கிறேன், நான்கும் 33. டீச்சரம்மாவுக்கும் டாக்சித் தம்பிக்கும் நன்றி.

நோட்டில் ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கிறதே என்று நேற்று ஸ்டெப்னியையும் அளந்தேன். 14. அதற்கு எந்த விளக்கும் எரியவில்லை.