பொறியியல் கல்லூரிகளின் கூட்டுப் படிப்பும் கூட்டு ஆய்வும்: ஒப்பந்தத்துக்குப் பிறகு என்ன வேண்டும்?

கேள்வி: எந்திரவியல் துறை ஆசிரியர்

வணக்கம். எங்கள் கல்லூரி உட்பட மூன்று பொறியியல் கல்லூரிகள் சேர்ந்து, நீடித்த வளர்ச்சியை நோக்கிய நிலைமாற்றம் குறித்து ஒரு முதுநிலைப் படிப்பையும் அதனுடன் பிணைந்த கூட்டு ஆய்வையும் தொடங்கத் தீர்மானித்துள்ளன. எரிசக்தி, கட்டுமானப் பொருள்கள், போக்குவரத்து ஆகியவை முதற்கட்டத் துறைகள். நிர்வாகங்கள் இசைந்துவிட்டன, பாடத்திட்டத்தை வரையும் பொறுப்பு என்னைப் போன்ற சிலரிடம் வந்திருக்கிறது. புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஆண்டுக்கொரு கருத்தரங்கு நடத்தி, அத்துடன் ஓய்ந்துபோன கூட்டணிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இதுவும் அப்படி ஆகிவிடக் கூடாது. இத்தகைய முயற்சியை உண்மையில் பிணைத்து வைப்பது எது? நீடித்த வளர்ச்சியைத் தனித் தாளாக வைப்பதா, இருக்கும் பாடங்களுக்குள் சேர்ப்பதா? பெரிய ஆய்வகம் இல்லாத கல்லூரிக்கு ஆய்வில் என்ன பங்கு இருக்க முடியும்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கட்டுமானப் பொருள் ஆய்வாளர்

வணக்கம் ஐயா. உங்கள் முதற்கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் சேர்த்து விடை தரக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு என் துறையிலேயே இருக்கிறது: எல்சி3 எனப்படும் சுண்ணாம்புக்கல், சுட்ட களிமண் கலந்த சிமெண்ட்.

மனிதச் செயல்களால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது எரிபொருளால் வருவதன்று. சூளையில் சுண்ணாம்புக்கல் சிதையும்போது அந்தக் கல்லிலிருந்தே வெளியேறுவது. ஆகவே சூளைக்கு எவ்வளவு தூய எரிபொருளைக் கொடுத்தாலும் இந்தப் பகுதி குறையாது; கிளிங்கரின், அதாவது சூளையிலிருந்து வெளிவந்து சிமெண்டாக அரைக்கப்படும் கட்டிகளின், அளவைக் குறைப்பதே முக்கிய வழி. இரும்பு ஆலைகளின் ஊதுலைக் கசடும் நிலக்கரிச் சாம்பலும் நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்டு வந்தாலும், நிலக்கரியைக் கைவிடும் நாடுகளில் அவையும் குறைந்துகொண்டே போகும். கயோலினைட் என்ற கனிமம் கலந்த களிமண்ணோ உலகின் பல பகுதிகளில் தாராளமாகக் கிடைக்கிறது. கிளிங்கருக்கு 1450 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் தேவைப்படும் இடத்தில், களிமண்ணைச் சுட 800 டிகிரியை ஒட்டிய வெப்பமே போதும். பாதி கிளிங்கர், 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுண்ணாம்புக்கல், 5 விழுக்காடு ஜிப்சம் என்ற கலவை, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டை ஒப்பிடுகையில் கரியமில வாயுவை 30 முதல் 40 விழுக்காடு வரை குறைக்கிறது.

இதை உருவாக்கியது ஒரு தனி நிறுவனம் அன்று. சுவிட்சர்லாந்தின் லோசான் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், கியூபாவின் லாஸ் வில்லாஸ் மத்தியப் பல்கலைக்கழகம், தில்லி, சென்னை, மும்பை ஐஐடிகள் ஆகியவை சுவிஸ் வளர்ச்சி ஒத்துழைப்பு முகமையின் நிதியுதவியுடன் சேர்ந்து உழைத்தன. ஒவ்வோர் இடத்துக் களிமண்ணும் வேறு. வெப்பமும் ஈரப்பதமும் வேறு. ஓர் ஆய்வகத்தில் வலுவாக நின்ற கான்கிரீட் இன்னோரிடத்தில் உப்பையும் கரியமில வாயுவையும் எப்படித் தாங்கும் என்பதை அங்கங்கே சோதித்துத்தான் அறிய முடியும். ஆலைகளில் சோதனை உற்பத்தியும் நடந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் இதற்கெனத் தனித் தரநிலை வெளியிட்டது. அந்தப் படி தாண்டாமல் எந்த ஒப்பந்தக்காரரும் ஒரு புதிய சிமெண்டைத் துணிந்து வாங்க மாட்டார்.

நான் சொல்ல வருவது இதுதான். இங்கே கூட்டணி அமைத்துவிட்டுப் பிறகு தலைப்புத் தேடவில்லை. சிக்கல் முன்னால் இருந்தது, எவரிடம் எது இல்லையோ அதை அடுத்தவர் ஈடு செய்தார். உங்கள் மூன்று கல்லூரிகளும் மூன்று துறைகளை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டால், அதன் பிறகு ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய தேவையே எழாது. ஒரே துறையில், தனியாகத் தீர்க்க முடியாத ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: பாடத்திட்டக் குழுவில் பணியாற்றியவர்

இரண்டாம் கேள்விக்கு என் கருத்து உறுதியானது: இருக்கும் பாடங்களுக்குள்ளேயே சேருங்கள். தனித் தாளாக வைத்தால், மாணவர் அதை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, கட்டமைப்பு வடிவமைப்புத் தாளில் பழைய முறையிலேயே பொருளை வாரியிறைப்பார். வெப்ப இயக்கவியலில் திறனைக் கணக்கிடும் அதே பயிற்சியில் வாழ்நாள் உமிழ்வையும் கணக்கிடச் சொன்னால் அது பொறியியல் முடிவாகவே மனத்தில் பதியும். பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்பதற்காக 1989-இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையின் பட்டதாரித் தகுதிகள் 2021-இல் திருத்தப்பட்டபோது, ஐநாவின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள் கருத்தில் கொள்ளப்பட்டன. ஆகவே நிர்வாகத்திடம் வாதிட உங்களுக்கு வலுவான ஆதாரம் உண்டு.

கூட்டுப் படிப்பைப் பொறுத்தவரை, மதிப்பலகுதான் (கிரெடிட்) உயிர்நாடி. மாணவர் அடுத்த கல்லூரியில் படித்த பாடம் தம் கல்லூரியில் எண்ணப்படாவிட்டால், அடுத்த ஆண்டு ஒருவரும் போக மாட்டார். ஐரோப்பாவில் ஓராண்டுக்கு 60 என்ற பொது மதிப்பலகு இருப்பதால்தான் டெல்ஃப்ட், சூரிச், ஆகன் ஆகிய மூன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் பயன்முறைப் புவி இயற்பியலில் ஒரே கூட்டு முதுநிலைப் படிப்பை நடத்த முடிந்தது. டென்மார்க், சுவீடன், நார்வே, ஃபின்லாந்து ஆகிய நாடுகளின் ஐந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த நார்டிக் ஃபைவ் டெக் கூட்டணியின் முதுநிலைப் படிப்புகளில், மாணவர் இரு பல்கலைக்கழகங்களில் தலா ஓராண்டு பயில்கிறார். தேர்வு நாள்காட்டி, மதிப்பெண் முறை, கட்டணம், தேர்ச்சி பெறாத மாணவரை எந்தக் கல்லூரி பொறுப்பேற்பது என்பவற்றை முதல் சேர்க்கைக்கு முன்பே எழுதி வையுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் கூட்டணிகள் பெரும்பாலும் இங்கேதான் முறிகின்றன.

பதில்: ஆற்றல் துறை ஆய்வு மாணவி

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் ஒரு குறை தெரிகிறது. நிலைமாற்றம் என்பது ஒரு பொறியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது மட்டுமன்று. வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் வெப்ப ஏற்றி (heat pump) ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அல்லது நான்கு அலகு வெப்பத்தைத் தர வல்லது; அந்தத் தொழில்நுட்பம் புதியதும் அன்று. இருந்தும், அதைப் பொருத்தத் தெரிந்த பணியாளர்கள், எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள விலை வேறுபாடு, வாடகை வீட்டில் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி ஆகியவைதான் அது பரவும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. நிலைமாற்ற ஆய்வாளர் ஃபிராங்க் கீல்ஸ் 2002-இல் முன்வைத்த பல்மட்ட நோக்கு இதைத்தான் விளக்குகிறது: புதுமைகள் சிறு களங்களில் தோன்றுகின்றன; ஏற்கெனவே வேரூன்றிய விதிகளும் முதலீடுகளும் பழக்கங்களும் அவற்றை எதிர்த்து நிற்கின்றன; வெளியுலக நெருக்கடிகள் அந்தக் கட்டமைப்பைத் தளர்த்தும்போதுதான் வழி திறக்கிறது.

எனவே ஆய்வேட்டுக் குழுவில் ஒரு பொருளியலாளரோ சமூகவியலாளரோ வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்று விதியே வகுத்துவிடுங்கள். விருந்துரைக்கு மட்டும் அழைத்தால், பொறியியல் மாணவர்கள் அதைத் தேர்வுக்கு வராத பகுதியாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. மூன்று துறைகளைப் பங்கிடும் திட்டம் எங்கள் வரைவில் உண்மையிலேயே இருந்தது. அதை மாற்றி, கட்டுமானப் பொருள்கள் என்ற ஒரே துறையில் தொடங்கலாம் என்று குழுவில் முன்மொழியப் போகிறேன். ஆனால் மூன்றில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியோ பொருளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுக் கருவியோ கிடையாது. அவர்கள் வெறும் பார்வையாளர்களாக நின்றுவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கிறது.

பதில்: கட்டுமானப் பொருள் ஆய்வாளர்

அந்தத் தயக்கம் வேண்டாம் ஐயா. ஒரே சிமெண்ட் மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, ஒரே செய்முறையில் சோதித்து, முடிவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்ப்பது எங்கள் துறையின் நெடுநாள் வழக்கம். இதற்கு அமுக்க எந்திரமும், வெப்பநிலையைச் சீராக வைக்கும் அறையும், ஒழுங்கான பதிவேடும் போதும். ஒரு தரநிலையை எழுத அமர்பவர்கள் முதலில் கேட்பது இந்த வேறுபாட்டின் அளவைத்தான். களிமண் மாதிரிகளைத் திரட்டி வகைப்படுத்துவதையும், கான்கிரீட் துண்டுகளைத் திறந்தவெளியில் வைத்து ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பதையும் அந்தக் கல்லூரியே தலைமையேற்று நடத்தட்டும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் சேருங்கள்: தோல்வியடைந்த சோதனைகள் உட்பட எல்லாத் தரவும் மூவருக்கும் பொது, அந்தத் தரவிலிருந்து எழும் கட்டுரையில், மாதிரியைத் திரட்டியவரின் பெயரும் நுண்ணோக்கியை இயக்கியவரின் பெயரும் இடம்பெற வேண்டும். காப்புரிமை யாருக்கு என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். முதற்சுற்றுக்கு ஒரு களிமண், ஒரு கலவை, 7 நாள் மற்றும் 28 நாள் வலிமை என்ற அளவில் தொடங்கினால், ஒரு பருவத்துக்குள்ளேயே மூன்று ஆய்வகங்களின் எண்களையும் அருகருகே வைத்துப் பேச முடியும்.